காரைக்குடியிலிருந்து சிங்கப்பூர்: திருச்சியா, சென்னையா?

வான்தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ., திருச்சியிலிருந்து ஏறத்தாழ 3,000 கி.மீ.; இரண்டுக்கும் நேரடி விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். பயணத்தைத் தீர்மானிப்பது தரைவழிதான்.

திருச்சி விமான நிலையம் காரைக்குடியிலிருந்து 90 கி.மீ. அளவே. இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். சென்னைக்கோ 400 கி.மீ.க்கு மேல், ஓர் இரவு ரயில். முழங்கால் வலியோடு மகன் வீட்டுக்குப் புறப்படும் ஆச்சியை, முறுக்கு டப்பாக்களோடு அத்தனை தூரம் அலைக்கழிக்க எனக்கு மனம் வராது.

சென்னையில் விமானங்கள் அதிகம். தேதி கிடைக்காதபோது அது கைகொடுக்கும். மற்றபடி திருச்சியே. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் என்பதை அழைக்க வருபவரிடம் சொல்லிவையுங்கள்.