மல்டிபாஸ்: இரும்பாகும் மரக்கதவும் திரும்பி வராத ஓசையும்

கிலோஹார்ட்ஸ் நிறுவனத்தின் மல்டிபாஸ் பிளக்-இன் (ஒலித்தொகுப்பு மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை மென்பொருள்) தள்ளுபடியில் கிடைக்கிறதே, வாங்கலாமா என்று குறும்படங்களுக்கு ஒலி வடிவமைக்கும் நண்பர் கேட்டிருந்தார். ஓசையை ஐந்து அதிர்வெண் பட்டைகள் வரை பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓசையை மாற்றும் தனித்தனி எஃபெக்ட்டுகளைக் கோக்கலாம் என்பதை அவர் அறிவார். ஆகவே நெடுநாள் புழக்கத்தில் புலப்பட்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

இதை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், அந்த எஃபெக்ட்டுகளில் ஒன்றான ஃப்ரீக்வென்சி ஷிஃப்டர். சுருதியை மாற்றும் பிட்ச் ஷிஃப்டர் எல்லா அதிர்வெண்களையும் ஒரே விகிதத்தில் பெருக்குவதால் 100, 200, 300 ஹெர்ட்ஸ் என்பவை 130, 260, 390 ஆகின்றன. சுருதி உயர்ந்தாலும் இயைபு குலைவதில்லை. ஃப்ரீக்வென்சி ஷிஃப்டரோ ஒவ்வொன்றுடனும் 30 ஹெர்ட்ஸைக் கூட்டி 130, 230, 330 ஆக்குவதால் அந்த விகித உறவு அறுந்து, மரக்கதவின் கிரீச்சொலிகூட உலோகச் சாயல் பெறுகிறது. முழு ஓசைக்கும் இதைச் செய்தால் அடியிலுள்ள கனமும் கலைந்துவிடும். மேல்பட்டைக்கு மட்டும் செய்தால் கதவு எடை குறையாமலேயே இரும்பாகிறது. ஷிஃப்டின் அளவை, ஓசையின் உரப்பைப் பின்தொடர்ந்து அமைப்பை நகர்த்தும் ஆடியோ ஃபாலோயரிடம் ஒப்படைத்துவிட்டால், ஓசை உரக்கும்போது உலோகம் ஏறுகிறது, அடங்கும்போது மரம் திரும்புகிறது. அமைப்பு நேரத்துக்கேற்ப மாறும் கோட்டை, அதாவது ஆட்டோமேஷனை, கையால் வரைந்து இந்த உயிரோட்டத்தை என்னால் கொண்டுவர முடிந்ததே இல்லை.

ஆனால் அமைப்புகளைத் தற்செயலாக மாற்றும் ரேண்டம் மாடுலேட்டரைச் சேர்த்துவிட்டால் என் பொறுமை போய்விடுகிறது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அது வேறு மதிப்புகளைத் தருவதால், இயக்குநர் கேட்டு மகிழ்ந்த ஓசை, இறுதிக் கோப்பை உருவாக்கும் ரெண்டரில் வருவதில்லை. தற்செயலைக் கொண்டு இயங்கும் எந்தப் பிளக்-இன்னுக்கும் இது பொதுவானது என்பதையும், அந்தத் தற்செயலே எனக்கு எதிர்பாராத நல்ல ஓசைகளைத் தந்திருக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன். எனினும், காட்சிக்குப் பொருந்திய ஒரே ஓசை கண்ணெதிரே தொலையும்போது அந்த நியாயம் எதுவும் ஆறுதல் தருவதில்லை. கேட்கும்போதே வெளியீட்டை இன்னொரு டிராக்கில் பதிந்துகொள்வது ஒன்றே வழி. அப்படிப் பதிந்த பிறகோ, உள்ளிருக்கும் எஃபெக்ட்டை மட்டும் தனியே திருத்த இயலாது.

ஒலி வடிவமைப்புக்கு என்னிடமுள்ள கருவிகளில் முதலிடம் இதற்குத்தான். ஆயினும் நண்பருக்குப் படத்தை ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டதால், இப்படித் தொலையும் ஓசைகளைத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது; அவர் இப்போது இதை வாங்க வேண்டாம். தள்ளுபடி போனால் போகட்டும்.