டர்சோவா, ஹெர்பியா, பீன் அனிமலா: சத்தமில்லாத ரீஃப் டேங்குக்கு எந்த பைப்?

ஹாலில் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் உப்புத் தண்ணீர் மீன் தொட்டி) வைத்த முதல் வாரம், இரவு 2 மணிக்கு அம்மா எழுந்து வந்து "பாத்ரூம்ல யாருடா ஃப்ளஷ் பண்ணிட்டே இருக்கறது?" என்று கேட்டார். யாரும் பண்ணவில்லை. ஓவர்ஃப்ளோ பைப்பில் பாதித் தண்ணீரும் பாதிக் காற்றுமாக முட்டி மோதிக்கொண்டு இறங்கிய சத்தம் அது. கோமாளி மீன் எவ்வளவு அழகாக நீந்தினாலும் வீட்டில் தூக்கம் போனால் டேங்குக்கு ஆயுசு குறைவு, அதனால் பைப் ஒட்டுவதற்கு முன்பே இதை யோசித்துவிடுவது நல்லது.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே சம்ப் என்றால் வீட்டு வாசலில் சிமென்ட் மூடி போட்ட தொட்டி இல்லை, ஸ்டாண்டுக்குள் வைக்கும் சின்னக் கண்ணாடித் தொட்டி. மேலே வழியும் தண்ணீர் பைப் வழியாக அதற்குள் இறங்கும், ரிட்டர்ன் மோட்டார் திரும்ப மேலே ஏற்றும். ஏறும் பக்கம் பெரிய தொல்லை இல்லை. இறங்கும் பக்கம்தான் எல்லாப் பஞ்சாயத்தும்.

டிரம்மிலிருந்து டியூப் போட்டு வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கியிருப்பீர்கள். டியூப் முழுக்கத் தண்ணீர் நிறைந்து இறங்கும் வரை (அதுதான் சைஃபன்) சத்தமே வராது, மேல்முனை காற்றை இழுத்ததும் உறிஞ்சல் சத்தம் ஆரம்பிக்கும். டர்சோ, ஹெர்பி, பீன் அனிமல் என்ற மூன்று பைப் முறைகளுமே இந்தக் காற்றை எப்படிச் சமாளிப்பது என்பதற்கான மூன்று பதில்கள்தான்.

டர்சோவில் காற்றை விலக்குவதில்லை, கூடவே விட்டுவிடுகிறோம். ஒரே பைப், மேலே ஒரு டீ (T வடிவ இணைப்பு), அதிலிருந்து கீழ்நோக்கிய எல்போ (வளைவு), மூடியில் காற்றுக்கு ஒரு சின்ன ஓட்டை. தண்ணீர் பைப்பின் சுவரைத் தழுவிக்கொண்டு இறங்கும். ஓட்டம் குறைவாக இருக்கும்வரை தேவலாம். மோட்டாரைக் கொஞ்சம் கூட்டினால் பைப் சைஃபனாக மாறப் பார்க்கும், காற்று புகுந்து அதைக் கலைத்துவிடும், மறுபடி மாறப் பார்க்கும். அம்மா கேட்டது அதைத்தான். அதை விடப் பெரிய குறை, அந்த ஒரு பைப் அடைத்தால் தண்ணீருக்கு வேறு வழியே இல்லை. ஏற்கெனவே ஒரே ஓட்டையோடு டேங்க் வாங்கிவிட்டவர்களுக்கு மட்டும் இது.

ஹெர்பியில் இரண்டு பைப். முதலாவது முழு சைஃபன்: வாய் எப்போதும் தண்ணீருக்குள், கீழே ஒரு வால்வு, அதைத் திருகி ஓவர்ஃப்ளோ பெட்டியில் (டேங்கிலிருந்து வழியும் தண்ணீர் முதலில் வந்து விழும் இடம்) தண்ணீர் மட்டத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். இரண்டாவது உயரமாக, வால்வு இல்லாமல், காய்ந்தபடி நிற்கும் எமர்ஜென்சி. சரியாக அமைந்த இரவில் மோட்டாரின் ரீங்காரம் மட்டும்தான் கேட்கும். ஆனால் வால்வு ஒரு அளவில் நிற்கிறது, மோட்டார் அப்படி நிற்பதில்லை. உள்ளே அழுக்கு படிந்து ஓட்டம் சற்றுக் குறைந்தாலே மட்டம் இறங்கிக் காற்றை உறிஞ்சும், மோட்டாரைக் கழுவி மாட்டினால் மட்டம் ஏறி எமர்ஜென்சியில் கொட்டும். எனக்கு வாரத்துக்கு ஒரு முறையாவது ஸ்டாண்டுக்குள் தலையை விட்டு வால்வைத் தொட வேண்டியிருந்தது.

வால்வு பற்றி ஒரு எச்சரிக்கை. பால் வால்வை மயிரிழை நகர்த்தினாலே மட்டம் ஓடிவிடும், கேட் வால்வுதான் பல சுற்று சுற்றி மெதுவாக மூடும். கடையில் கேட் வால்வு என்று கேட்டால் பெரும்பாலும் பித்தளையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள். உப்புத் தண்ணீரில் பித்தளையிலிருந்து செம்பு கசியும், இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் அது விஷம். பிவிசி கேட் வால்வு எனக்குப் பக்கத்துக் கடைகளில் கிடைக்காமல் ஆன்லைனில் வரவழைத்தேன். அதன் இரண்டு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) போட்டுவிட்டால் கழற்றிக் கழுவலாம்.

பீன் அனிமல் ஹெர்பியோடு இன்னொரு பைப்பைச் சேர்க்கிறது, ஆனால் அந்த ஒரு பைப்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. சைஃபன் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும், இரண்டாவது பைப்பில் சும்மா ஒரு மெல்லிய ஒழுக்கு. மோட்டார் கூடினாலும் குறைந்தாலும் அந்த ஒழுக்குதான் கூடிக் குறையும், நீங்கள் தொட வேண்டாம். அந்த இரண்டாவது பைப்பின் தலையிலிருந்து ஒரு மெல்லிய காற்று டியூப் வந்து, வாய் வழக்கமான மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும். சைஃபனில் நத்தை அடைத்தால் மட்டம் ஏறும், டியூபின் வாய் மூழ்கும், காற்று நின்றதும் இரண்டாவது பைப்பே சைஃபனாக மாறி வேலையை எடுத்துக்கொள்ளும். அதுவும் போனால் மூன்றாவதாக அந்த எமர்ஜென்சி பைப் இருக்கிறது. கூடுதல் செலவு ஒரு ஓட்டை, ஒரு டேங்க் நிப்பிள் (ஓட்டையில் பைப்பைப் பொருத்தும் இணைப்பு), கொஞ்சம் எல்போ, டீ. பெட்டியில் இடம்தான் தாராளமாக வேண்டும்.

என் ஓட்டு பீன் அனிமலுக்கு. டேங்க் இன்னும் ஓட்டை போடாத கண்ணாடி என்றால் தயங்காமல் மூன்று போடச் சொல்லுங்கள் (டெம்பர்டு கண்ணாடியா என்று முதலில் கேட்டுவிடுங்கள், அதில் ட்ரில் வைத்தால் மொத்தமாக நொறுங்கிவிடும்). ஏற்கெனவே இரண்டு ஓட்டை இருந்தால் ஹெர்பி போதும், புலம்ப வேண்டியதில்லை.

எதை எடுத்தாலும் சைஃபன் பைப்பின் கீழ்முனை சம்ப் தண்ணீரில் 2, 3 செ.மீ.க்கு மேல் மூழ்கக் கூடாது. ஆழமாக வைத்தால் கரன்ட் போய் வந்த பிறகு பைப்பில் மாட்டிய காற்று வெளியேற முடியாமல் சைஃபன் பிடிக்காது. கரன்ட் போனால் மேலிருந்து இறங்கும் தண்ணீருக்கு சம்பில் இடமும் வேண்டும். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம் உள்ள டேங்கில் மட்டம் 1 செ.மீ. இறங்கினால் சுமார் 5.6 லிட்டர், 3 செ.மீ. என்றால் 16 லிட்டருக்கு மேல், அதோடு ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் பைப்பிலும் இருப்பது. ரிட்டர்ன் குழாயின் வாயை மேல்மட்டத்துக்கு ஒட்டியே வைத்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஆழத்தில் வைத்தால் அதுவே சைஃபனாகி வாய் வெளியே தெரியும் வரை டேங்கை இறக்கிவிடும்.

ஒட்டி முடித்த மறுநாள் வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பி, மோட்டார் ஓடும்போதே சைஃபன் வாயில் ஒரு பழைய பனியன் துணியைத் திணித்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு அரை மணி நேரம் பாருங்கள். நான் முதல் தடவை அப்படிப் பார்த்தபோது எமர்ஜென்சி பைப் டேங்க் விளிம்பை விட அரை இஞ்ச் உயரமாக இருப்பது தெரிந்தது.