சவுண்ட்பாரா, அசெம்பிள்டு செட்டா? முதலில் கூரையைப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி கடைகளில் ஹோம் தியேட்டர் கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் காட்டுவார்கள்: சப்வூஃபருடன் (பேஸுக்கான தனிப் பெட்டி) 2.1 சவுண்ட்பார், பின்பக்க ஸ்பீக்கரும் சேர்ந்த 5.1 சவுண்ட்பார், போர்டு கோத்து உள்ளூரில் கட்டிய 5.1 ஆம்ப்ளிஃபயர், அதாவது அசெம்பிள்டு செட். புள்ளிக்கு முன்னால் இருப்பது ஒலி சேனல்களின் எண்ணிக்கை, பின்னால் இருப்பது சப்வூஃபர். எதை ஓட்டிக் காட்டினாலும் பாட்டு குத்துப்பாட்டுதான். அதில் பேஸைத் தவிர எதுவும் பிடிபடாது. பின்னணி இசையோடு ஆட்கள் பேசும் காட்சியைச் சத்தம் குறைத்துப் போடச் சொல்லுங்கள். வசனம் புரியவில்லை என்றால் வாட்ஸ் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

2.1 பாரின் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பவை சிறிய ஸ்பீக்கர்கள். 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழான தாழ்ந்த ஒலியை எழுப்ப அவற்றால் முடியாது, எனவே அந்த வேலை சப்வூஃபருக்குப் போகிறது. ஆண் குரலின் அடித்தளமே சுமார் 85 முதல் 180 ஹெர்ட்ஸ். மூலையில் சப்வூஃபரை வைத்தால் குரலில் பாதி டிவியிலிருந்தும் மீதி மூலையிலிருந்தும் வரும். செய்தி வாசிப்பவர் பேசும்போது சப்வூஃபர் அருகில் காதை வையுங்கள். வார்த்தை புரிந்தால், பாருக்கும் சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லை மிக மேலே இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட பெட்டியை டிவிக்குப் பக்கத்திலேயே, மூன்றடிக்குள் வைப்பதுதான் வழி.

5.1 பாரில் வசனத்துக்குத் தனி சென்டர் ஸ்பீக்கர் உண்டு. தெளிவில் இதுவே முந்துகிறது. ஆனால் டிவியின் ஆடியோ செட்டிங் 'பிசிஎம்' என்று இருந்தால் பெரும்பாலும் ஸ்டீரியோ மட்டுமே போகும். 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ்த்ரூ' ஆக மாற்றி, டிவியின் ஒலியைப் பாருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ ஆர்க் வழியாக இணையுங்கள். ப்ளூடூத்தில் வருவது ஸ்டீரியோதான், உதடசைவுக்குப் பின்தங்கவும் செய்யும். பின்பக்க ஸ்பீக்கர் 'வயர்லெஸ்' என்றாலும் கரண்ட் வயர் வேண்டும். சோபாவுக்குப் பின்னால் பிளக் பாயின்ட் இருக்கிறதா?

அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்கச் செய்யும் டால்பி முறை) என்று கூடுதல் பணம் கேட்டால் அண்ணாந்து பாருங்கள். மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கருக்கு 8 முதல் 12 அடி உயரத்தில் தட்டையான தளம் வேண்டும். பென்னாகரம், அரூர் பக்கத்து ஓட்டு வீட்டுச் சரிவில் பட்டால் ஒலி உட்கார்ந்திருப்பவரிடம் திரும்பாது. அங்கே அது தண்டச் செலவு. தகரக் கூரையில் மழை பிடித்தால் எந்த செட்டும் தோற்கும், அது தனிக் கதை.

அசெம்பிள்டு செட்டின் பலம், ஆறு அங்குல ஸ்பீக்கரும், ஒலியைப் பெருக்கும் ஐசி சிப் போனால் உள்ளூரிலேயே மாற்றிக்கொள்ளும் வசதியும். வாட்ஸ் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். 4440 ஐசி ஒன்றின் இரண்டு சேனலையும் ஒன்றாக்கி பிரிட்ஜாகக் கட்டினால் சுமார் 19 வாட்ஸ் கிடைக்கும். 12 வோல்ட், 5 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் கொடுப்பதே 60 வாட்ஸ். அதில் '500 வாட்ஸ்' ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். அதைவிட முக்கியம், ஆறு சேனலையும் தனித்தனியாக எடுத்துத் தரும் உண்மையான டால்பி டிகோடர் போர்டு இருக்கிறதா என்பது. சில செட்கள் ஸ்டீரியோவையே ஆறாகப் பிரித்து 5.1 என்கின்றன. சேனல் பெயரைச் சொல்லும் 5.1 சோதனை வீடியோவைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடுங்கள். 'ரியர் லெஃப்ட்' குரல் முன்னாலும் கேட்டால் ஏமாற்று. வாங்கிய பிறகு 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் எர்த் லூப், அதாவது எர்த் இரண்டு வழியாக இணைந்ததால் வரும் இரைச்சல். நிற்காவிட்டால் பவர் சப்ளை கெப்பாசிட்டரைச் சோதிக்க வேண்டும்.

கிரானைட் தரை, வெறும் சுவர் உள்ள ஹாலில் எதை வாங்கினாலும் குரல் எதிரொலிக்கும். தடித்த ஜமக்காளமும் திரையும் உடனே வித்தியாசம் காட்டும். 12-க்கு 12 அடி சதுர ஹால் என்றால் நீளமும் அகலமும் ஒரே 47 ஹெர்ட்ஸில் அதிரும், பேஸ் குமுறும். சப்வூஃபரை உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போட்டு, சுவரோரமாக நடந்து, பேஸ் சீராகக் கேட்கும் இடத்தில் அதை வையுங்கள்.

ஓசூர் அடுக்குமாடிக்கு சென்டர் உள்ள பாரை எடுத்து, சப்வூஃபரைக் குறைத்து வைப்பது நல்லது, கீழ்வீட்டார் சண்டைக்கு வரமாட்டார்கள். ஓட்டு வீட்டுப் பெரிய ஹாலுக்கு டிகோடர் உள்ள அசெம்பிள்டு செட். படுக்கையறைக்கு 2.1 போதும்.