ஒற்றை ஆளாகக் கயாக் ஏற்ற: ராமநாதபுரம் பட்டறை வேலை எப்படி?

கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் நீரிணைப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் அப்படியே தலைகீழ். அதனால் நம்ம பக்கம் கயாக் (சின்னத் துடுப்புப் படகு) வைத்திருப்பவர்கள் வடகடல் பக்கம் அரியமானுக்கும் தென்கடல் பக்கம் புதுமடத்துக்கும் வண்டியில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எங்கள் பொலேரோவின் மேல் கயாக்கை வைத்துக் கட்ட இருந்தது பக்கவாட்டில் மடங்கிக் கீழே வரும் ரேக், முழுக்க கனமான ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்). இரண்டு பேர் உட்காரும் பிளாஸ்டிக் கயாக் ஒன்றே 30 கிலோவைத் தாண்டும், அதோடு சேர்த்து அந்தச் சட்டத்தை மேலே தள்ள மூன்று ஆள் வேண்டும், அதுவும் ஒருவர் கை நழுவினால் போச்சு.

ராமநாதபுரத்தில் வேன், லாரிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அலுமினியத்தில் மாற்றிவிடுங்கள் அண்ணே என்றதும் அவர் பைப்பைப் பார்க்கவே இல்லை. "கனத்தைக் குறைக்கிறது பாதி வேலைதான் தம்பி, எங்க புடிச்சுத் தூக்குறீங்க, காட்டுங்க" என்றார். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

வண்டியோடு சேரும் அடிச்சட்டம் இரும்பாகவே இருக்கிறது, மடங்கும் சட்டம் மட்டும் அலுமினியம். ஒரே அளவு பைப் என்றால் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டும் தொடும் இடங்களில் நைலான் வாஷர் போட்டிருக்கிறார், இல்லாவிட்டால் உப்புத்தண்ணீர் பட்டு அலுமினியத்தை அரித்துவிடும். கீலிலும் நைலான் புஷ். பெரிய மாற்றம் என்றால் இரண்டு பக்கமும் மாட்டிய கேஸ் ஷாக், காரின் டிக்கிக் கதவைத் தூக்கி நிறுத்துமே அதேதான். ஒவ்வொன்றும் 500 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 50 கிலோ தள்ளும் என்று கணக்கு, ஆனால் கீலுக்குப் பக்கத்தில் மாட்டுவதால் நாம் பிடிக்கும் முனைக்கு வரும்போது அதில் ஒரு பகுதிதான் மிஞ்சும். அதுவே போதும், இப்போது நான் ஒருவனே மேலே ஏற்றிவிடுகிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள்: கயாக்கை இறக்கியதும் சட்டம் வெறுமையாகிவிடும், ஷாக் அதைச் சட்டென்று மேலே எறியப் பார்க்கும், தாடையில் பட்டால் பல் போகும். லாக் பின் கட்டாயம். அவர் கேட்காமலேயே வைத்துக் கொடுத்தார். நல்ல மதிய வெயிலில் கேஸ் சூடாகி இன்னும் பலமாகத் தள்ளும், காலையில் கொஞ்சம் சோம்பலாக இருக்கும், அது கோளாறு இல்லை.

குறை என்று பார்த்தால், சொன்ன தேதிக்குக் கிடைக்காது, போன் எடுக்க மாட்டார்கள், நேரில் போய் நின்றால்தான் வேலை நகரும். அதைக்கூட விடலாம், இரும்பில் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும் என்று தெரிந்தும் வெறும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்து அனுப்பியதுதான் எரிச்சல். உப்புக்காற்றில் அது தாங்குமா? துரு எட்டிப் பார்த்தது, தேய்த்துவிட்டு துத்தநாகம் கலந்த ஜிங்க் பெயிண்ட் நானே அடித்தேன். கூலியும் சாமானும் சேர்த்து 16,000 ரூபாய் சொச்சம், வேலைக்கு அது நியாயம்தான்.

ரேக் மேலே இருக்கும்போது ஷாக்கின் தண்டு முழுக்க வெளியே நிற்கும், உப்புப் படிந்து சொறி விழுந்தால் சீல் போய் கேஸும் போய்விடும். கடலுக்குப் போய்வந்ததும் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துவிடுங்கள். அப்புறம், பட்டறைக்கு வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், கயாக்கையும் ஏற்றிக்கொண்டு போங்கள். எத்தனை நியூட்டன் ஷாக் வேண்டும் என்பதை அதைத் தூக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.