மூணு வயசில் பக்சாரை ஜெயித்த மன்றோ

சந்தாவைக் குறைத்துவிட்டார்களாமே, சேரலாமா என்று காவேரிப்பட்டணத்து நண்பன் கேட்டான். ஹைதரும் திப்புவும் கிழக்கிந்தியக் கும்பினியோடு மோதிய மைசூர்ப் போர்களைத் தமிழில் சொல்கிற அந்த பாட்காஸ்ட்டைத்தான் கேட்கிறான். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் லோடு அடிக்கையில் எனக்கு ரொம்ப நாளாக அதுதான் பேச்சுத்துணை. சேர், சேராதே என்று போனில் ஒரே வார்த்தையில் சொல்ல வாய் வரவில்லை.

முதலில் மன்றோ பஞ்சாயத்து. ஹெக்டர் மன்றோ வேறு, தாமஸ் மன்றோ வேறு. 1764ல் பீகாரின் பக்சார் சண்டையில் கும்பினிப் படையை நடத்தி ஜெயித்தவர் ஹெக்டர். 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் கும்பினிப் படையைத் திப்பு மடக்கியபோது, பக்கத்துக் காஞ்சிபுரத்தில் இருந்தும் உதவிக்குப் போய்ச் சேராதவர் அவரே. தோல்விச் செய்தி வந்ததும் பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். தாமஸ் நமக்கு வேண்டியவர். 1792ல் பாராமகால், அதாவது நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம், கும்பினி கைக்கு வந்ததும் அதை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக வந்து, 1799 வரை இந்தச் சீமையில் நிலம் அளந்து வரி போட்டவர். பிற்பாடு கவர்னராகி, இன்றைக்கும் சென்னையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார்.

நம் தொகுப்பாளருக்கு இரண்டு பேரும் ஒரே ஆள். தாமஸ் பிறந்தது 1761ல். தொகுப்பாளர் கணக்குப்படி மூணு வயசுப் பிள்ளை பக்சாரில் படை நடத்தியிருக்கிறது! வருஷமெல்லாம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "நன்றி தோழர்" என்று ஒரு கும்பிடு வந்தது. அடுத்த எபிசோடிலேயே "பக்சார் நாயகன் தாமஸ் மன்றோ" என்று தொண்டை கிழிய ஆரம்பித்தார். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்கள் கேட்பார்களே என்ற கூச்சம் வேண்டாமா?

அடுத்தது சத்தம். துப்பாக்கிப் படைகள் மோதும் இடத்திலும் பின்னணியில் வாள்தான் உரசும். மூச்சுக்கு மூச்சு "நண்பர்களே". ஒரு தடவை சூளகிரி தாண்டி முன்னறிவிப்பே இல்லாமல் பீரங்கி வெடிக்க, டயர்தான் போச்சு என்று வண்டியை ஓரங்கட்டி நாலு சக்கரத்தையும் தட்டிப் பார்த்தேன். மைசூர் ராக்கெட் பத்துக் கிலோமீட்டர் பறந்ததாம். அதற்கு இரண்டு கிலோமீட்டரே பெரிய தூரம்.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கிருஷ்ணகிரிக் கோட்டை எபிசோடைச் சொல்லாமல் விட்டால் பாவம். அதை ஸ்டுடியோவில் பேசவில்லை, சையத் பாஷா மலையில் ஏறிக்கொண்டே பேசியிருக்கிறார். இசை கிடையாது, வாள் கிடையாது, மைக்கில் காற்று மட்டும் அடிக்கிறது. 1791 நவம்பரில் கும்பினித் தளபதி மேக்ஸ்வெல்லின் ஆட்கள் ராத்திரியில் கீழ்க்கோட்டையைப் பிடித்து, ஓடுகிறவர்களை விரட்டிக்கொண்டே மேல்கோட்டை வாசல்வரை போய்விட்டார்கள். அங்கே ஏணி சாத்த முடியவில்லை. மேலிருந்து பாறைகள் உருண்டு வந்தன. "இந்தச் சரிவில்... ஏணியைத் தூக்கிக்கிட்டு..." என்றவருக்கு மேலே பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் இரைப்பு மட்டும் கேட்கிறது. நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிற மலைதான், ஆனாலும் அந்தப் படை ஏன் திரும்பியது என்பது அந்த இரைப்பில்தான் உறைத்தது. மேல்கோட்டையைச் சண்டை போட்டு வாங்க முடியாமல், மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் வாங்கினார்கள் என்று மூச்சு வாங்க முடித்தார். அதில் ஒரு வருஷம்கூடத் தப்பில்லை. இதே ஆள்தான் மன்றோவைக் கெடுத்தது என்று நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

ஆக மாப்ள, காசு கட்டாதே. ரெண்டு மன்றோவையும் பிரிக்கிறவரை அந்த மனுஷனுக்கு நம்ம ஊர்ப் பணம் ஒரு ரூபாய் போகக்கூடாது. கோட்டை எபிசோடைக் கேட்டே ஆகணும் என்றால் என் லாகினை அனுப்புகிறேன், போன வாரம்தான் இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பித்தேன்.