ஜீப் ஸ்டீரிங் வேலைக்கு 18,500 ரூபாய், மாத்தினது டஸ்ட் கவர் மட்டும்

பழைய மஹிந்திரா எம்எம்540 வச்சிருக்கவங்க, முன்பக்க ஸ்டீரிங் வேலைக்கு வண்டியை விடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க. 18,500 ரூபாய் போச்சு. வண்டி இன்னும் ஆடுது. எதை எப்படிச் சோதிக்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

இடம் போடி பக்கம், 'ஜீப் ஸ்பெஷலிஸ்ட்'னு போர்டு மாட்டின ஒரு பட்டறை. ஸ்டீரிங்ல மூணு விரல் அகலத்துக்கு ப்ளே, அதாவது சக்கரம் திரும்பாமலே ஸ்டீரிங் சும்மா ஆடும். 45 கிலோமீட்டர் வேகத்துல ஒரு பள்ளத்துல இறங்கினா முன்சக்கரம் ரெண்டும் படபடன்னு அடிக்கும், வேகத்தைக் குறைச்சாத்தான் அடங்கும். இதுதான் கம்ப்ளைன்ட்.

பட்டறைக்காரர் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிக் காட்டினார். பையனை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். ஆட்டம் குறையல. "பாத்தீங்களாண்ணே, வீல் பேரிங்னா பிரேக் மிதிச்சதும் நின்னிருக்கும். இது கிங் பின்." கிங் பின்னுங்கிறது முன்சக்கரம் இடவலமாத் திரும்புற அச்சு. ரொம்பச் சரியான சோதனை. நம்பிக்கை வந்ததே அதுலதான். புது டை ராட் எண்ட் (ஸ்டீரிங் கம்பிகளோட நுனியில இருக்கற பந்து மூட்டு) நாலையும் டப்பாவோட பெஞ்சுல அடுக்கியும் காட்டினார். தொழில் தெரியாத ஆள் சொதப்பினா கூட விட்டுடலாம். இது தெரிஞ்சே செஞ்ச வேலை.

பில்: கிங் பின் செட் ரெண்டு பக்கமும் 5,200. எண்ட் நாலு 4,400. ஸ்டீரிங் பாக்ஸ் வேலை 3,900. கூலி 5,000. ஆக 18,500.

வேற ஒரு மெக்கானிக் பிரிச்சுப் பார்த்ததுல வந்த லட்சணம் இது. எண்ட் மாத்தணும்னா டை ராட் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தியே ஆகணும். அந்தப் போல்ட்டு மேல பழைய சேறு காஞ்சு அப்படியே ஒட்டியிருக்கு! பழைய எண்டுக்குப் புது டஸ்ட் கவர் (தூசு போகாம மூடுற உறை) போட்டு, வழிய வழிய கிரீஸ் அடிச்சிருக்காங்க. கிங் பின்ல பழைய பேரிங்கே கிடக்கு, மேல் கேப்புல ஷிம்மை (இடைவெளிக்கு வைக்கற மெல்லிய தகடு) மட்டும் உருவி டைட் பண்ணியிருக்காங்க. பேரிங் கப்புல ரோலர் பதிஞ்சு வரிவரியாப் பள்ளம். அதை இறுக்கினா ஆட்டம் கொஞ்ச நாளைக்கு மறையும், ஆனா நேரா போகும்போது சக்கரம் அந்தப் பள்ளத்துலயே மாட்டி நிக்கும். வளைவுல திருப்பினா ஸ்டீரிங் தானா திரும்பி வராது. போடிமெட்டு ஏத்தத்துல கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி கையால இழுத்துத் திருப்ப வேண்டியிருந்துச்சு.

பாக்ஸ் வேலைன்னா என்ன தெரியுமா? அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை முறுக்கி, கியர் ஆயிலுக்குப் பதிலா கிரீஸைத் திணிச்சது. கிரீஸ் ஒருதரம் ஒதுங்கினா வார்முக்கு (பாக்ஸுக்குள்ள இருக்கற திருகுப் பல்லுக்கு) திரும்பி வராது, காஞ்சே ஓடித் தேயும். 3,900 ரூபாய் வாங்கி பாக்ஸையும் கெடுத்தாச்சு.

கேட்கப் போனா முதல்ல "ஓட ஓட செட் ஆயிடும்ணே." அடுத்து "டயர் தேஞ்சிருக்கு, அதான்." அப்புறம் "பழைய ஜீப்னா ஆடத்தான் செய்யும்." கழட்டின பழைய பாகங்களைக் கேட்டா, காயலான் கடைக்குப் போயிடுச்சாம். இப்ப போனையே எடுக்கறதில்ல. 18,500 ரூபாய்ங்க!

விவரமா எழுதறேன்னேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. இதை மட்டும் பிடிச்சுக்கோங்க. சக்கரம் தரையில இருக்கும்போதே ஒருத்தர் ஸ்டீரிங்கை இங்கயும் அங்கயும் ஆட்டட்டும், நீங்க கீழ படுத்து ஒவ்வொரு எண்டா விரல் வச்சுப் பாருங்க, லூஸ் இருந்தா விரல்லயே தெரியும். பழைய பாகம் கைக்கு வராம காசு கொடுக்காதீங்க. எண்டை இறுக்கற காசில் நட்டுல (தலையில வெட்டு உள்ள நட்டு) காட்டர் பின் (நட்டு கழலாம குறுக்கே சொருகுற கம்பி) புதுசா இருக்கணும். ஓட்டை நேர் வரலைன்னா நட்டை இறுக்கித்தான் நேர் பண்ணணும், தளர்த்தக் கூடாது. எண்ட் மாத்தினா டோ-இன் (ரெண்டு முன்சக்கரத்துக்கும் நடுவுல முன்பக்க, பின்பக்க இடைவெளி வித்தியாசம்) பார்த்தே ஆகணும், முன்பக்கம் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் குறுகலா. தேஞ்ச எண்டுக்கு வெல்டு வச்சுத் தரேன்னு எவனாவது சொன்னா, சாவியை வாங்கிட்டு உடனே கிளம்புங்க.