பட்டனைக் கழற்றி லீவர் போட்ட டிரான்ஸ்பர் கேஸ்: எல்லாம் சரி, அந்தச் சத்தம்தான்

4x4 வண்டியை இரண்டு சக்கர ஓட்டத்திலிருந்து நாலு சக்கர ஓட்டத்துக்கு மாற்றும் ஷிப்ட் மோட்டார் விலை வெளிச் சந்தையில் இறங்கிவிட்டதாம். பண்ருட்டி நண்பர் ஒருவர் போன் போட்டு, "அண்ணே, மோட்டாரே வாங்கிடட்டுமா, இல்ல உங்களை மாதிரி லீவர் போட்டுடட்டுமா?" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வண்டி எது, கம்பெனி எது என்பதெல்லாம் வேண்டாம். டாஷ்போர்டில் திருகு பட்டன் வைத்து 2எச் (இரண்டு சக்கர ஓட்டம்), 4எச் (நாலு சக்கர ஓட்டம்), 4எல் (மெதுவாக, இழுவை அதிகமாக நாலு சக்கர ஓட்டம்) என்று எழுதியிருக்கும் பழைய டீசல் 4x4 வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். பட்டனைத் திருப்பினால் அடியில், இன்ஜின் சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்பர் கேஸின் பின்பக்கம் இருக்கும் சின்ன மோட்டார் சுற்றும், அது ஷிப்ட் தண்டைத் திருப்பும். மோட்டாருக்குள் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் செம்புத் தடங்கள். தண்டு இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று கன்ட்ரோல் பெட்டிக்குச் சொல்வது அந்தத் தடங்கள்தான். கடலூரில் கடற்காற்று பட்டு எது பிழைத்திருக்கிறது? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து, அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பாய்ந்து ஊரை ஒரு வழி செய்ததே, அந்தத் தண்ணீரில் போய் வந்த பிறகு என் மோட்டாரைத் திறந்தால் தடம் முழுக்கப் பச்சைக் களிம்பு. பேட்டரியில் நேராகக் கொடுத்தால் மோட்டார் சுற்றுகிறது. ஆனால் தண்டு எங்கே நிற்கிறது என்று பெட்டிக்குத் தெரியவில்லை, அதனால் விளக்கை மட்டும் சிமிட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. கேஸுக்குள் இருக்கும் செயினுக்கோ பிளானட்டரி கியருக்கோ ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவு கனமான இரும்பை நகர்த்தாமல் நிறுத்தி வைத்தது நகத்தளவு செம்பு. அப்போது மோட்டாருக்குச் சொன்ன விலையைக் கேட்டு, நேராக முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போய்விட்டேன்.

வேலை பார்க்கச் சின்னதுதான். மோட்டாரைக் கழற்றினால் முக்கோணமாகச் சீவிய தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் உட்காரும்படி ஒரு கை செய்து, அங்கிருந்து ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் கியர் லீவருக்குப் பக்கத்தில் தரையைத் துளைத்து வரும் லீவர். பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள், பிறகு 4எல் நழுவுகிறது என்று அலைகிறார்கள். முதலிலிருந்தே லீவரோடு வரும் டிரான்ஸ்பர் கேஸுக்குள் ஸ்பிரிங்கும் குண்டும் வைத்து நிலையைப் பிடித்துக்கொள்ள ஏற்பாடு இருக்கும். மோட்டார் வகைக்கு உள்ளே அது கிடையாது, மோட்டாரின் வார்ம் கியர் பின்னுக்குத் திரும்பாது என்பதே அதற்குப் பிடிமானம். மோட்டார் போனால் பிடிமானமும் போச்சு. எங்கள் லேத்காரர் இதைத் தெரிந்தவர், பழைய ஸ்பிரிங் பட்டையில் நிலைக்கு ஒன்றாக மூன்று வெட்டு போட்டு லீவருக்கு அடியில் வைத்துவிட்டார். அந்தப் பட்டை வைக்காமல் யாராவது செய்து கொடுத்தால் காசு கொடுக்காதீர்கள்.

இனி சந்தோஷமான சமாச்சாரம். எனக்குச் சவுக்குத் தோப்பு இருக்கும் பாதை முழுக்க மணல், லோடு ஏற்றினால் சக்கரம் புதைந்துவிடும். முன்பெல்லாம் பட்டனைத் திருப்பிவிட்டு, விளக்கு எரியுமா எரியாதா என்று சாமி கும்பிட்டுக்கொண்டு நிற்பேன். இப்போது லீவரை இழுத்தால் அது வெட்டில் உட்காருவது உள்ளங்கையில் தெரிகிறது. ஆனால் உள்ளே பல் இன்னும் சேர்ந்திருக்காது. இந்த வகையில் தண்டுக்கும், கியரை நகர்த்தும் ஃபோர்க்குக்கும் நடுவில் ஒரு சுருள் ஸ்பிரிங் உண்டு, பல்லுக்குப் பல் நேர்படும்வரை அது முறுக்கேறிக் காத்திருக்கும். வண்டியை இரண்டடி நகர்த்தினால் காலடியில் இருந்து 'டக்' என்று ஒன்று வரும் பாருங்கள். அந்த 'டக்' கேட்பதற்காகவே தேவையில்லாத இடத்தில் 4எச் போட்டிருக்கிறேன், சொல்ல வெட்கமில்லை. வில்லீஸ் ஜீப் ஓட்டிய பெரியவர்கள் கியருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு குட்டி லீவரைப் பற்றி ஏன் அப்படி உருகுகிறார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. அதில் முன் ஆக்ஸில் சேராமல் லோ விழாதபடி உள்ளேயே ஒரு பூட்டு உண்டு, லோ கியரின் இழுவை முழுவதும் பின் ஆக்ஸில் மேல் மட்டும் விழுந்து முறியக் கூடாதென்று. அந்தக் காலத்து ஆட்கள் யோசித்திருக்கிறார்கள்.

சரி, சத்தத்துக்கு வருவோம். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும்போது ரெட்டிச்சாவடி தாண்டியதும் வண்டி நாலாவது கியரில் 55ஐத் தொடும், உடனே லீவர் ஆரம்பிக்கும். சில்லறை போட்ட டப்பாவை யாரோ காதுக்குப் பக்கத்தில் ஆட்டுவது போல ஒரு கிணுகிணு. 65ஐத் தாண்டினால் நின்றுவிடும், ஆனால் அந்த ரோட்டில் 65ஐத் தாண்ட எங்கே விடுகிறார்கள்? கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வரை முழுக்க அதே 55, அதே கிணுகிணு. லீவரைக் கையால் பிடித்தால் நிற்கும், விட்டால் வரும். நைலான் புஷ் போட்டேன், கம்பியைத் தடிமனாக்கினேன், லீவர் வரும் தரைத் துளையை மூடும் ரப்பர் உறையை இரட்டை அடுக்காக்கினேன். ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நாள் அமைதியாக இருந்துவிட்டுத் திரும்பவும் வந்துவிடும். வீட்டில் வண்டி ஏறியதும் பாட்டைச் சத்தமாக வைத்துவிடுகிறார்கள். எனக்குப் பாட்டுக்கு நடுவிலும் அது மட்டும்தான் கேட்கிறது. அந்த உறை ஓரமாக வரும் சூடும் கியர் ஆயில் வாசனையும் தனி. அதைக்கூட விட்டுவிடலாம்.

செய்யத்தான் போகிறேன் என்பவர்களுக்கு நாலு விஷயம். ஓடும்போதே 4எச் போடும் வசதி போய்விடும். முன் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் ப்ரொபல்லர் ஷாப்டை வண்டி வேகத்துக்குச் சுற்றிவிடும் மின்காந்த கிளட்சுக்கு அந்தக் கன்ட்ரோல் பெட்டிதான் கரண்ட் கொடுத்தது. இனி நிறுத்தி, அல்லது நடை வேகத்தில்தான் மாற்ற வேண்டும். முன் சக்கர ஹப் வேக்குவத்தில் பூட்டும் வண்டியாக இருந்தால் அதற்கும் தனி சுவிட்ச் இழுக்க வேண்டும், இல்லையென்றால் லீவர் 4எச்சில் இருக்கும், முன் சக்கரம் சும்மா சுற்றும். 4x4 விளக்கும் செத்துவிடும். லீவருக்கு அடியில் ரிவர்ஸ் லைட் சுவிட்ச் ஒன்றை வைத்து அதற்கு மறுபடி உயிர் கொடுத்துவிடுங்கள். மறந்துபோய் காய்ந்த தார் ரோட்டில் 4எச்சில் ஓட்டினால், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாததால் திருப்பத்தில் முன்னும் பின்னும் முறுக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் இறுகும், கடைசியில் ஷாப்டின் மூட்டான யூ-ஜாயின்ட்தான் காவு. முக்கியமானது இன்னொன்று: 4எச்சுக்கும் 4எல்லுக்கும் நடுவில் நியூட்ரல் இருக்கிறது. மோட்டார் அங்கே நிற்காமல் தாண்டிவிடும், கை நிற்கும். லீவர் பாதியில் நின்றால் முதல் கியரில் நிறுத்தின வண்டியும் உருளும். ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்காதீர்கள், சரிவில் பின்னால் ஆள் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பருக்கு என்ன பதில் என்றால், மோட்டாரையே வாங்குங்கள். நேற்றுத்தான் புதுச்சேரி போய்த் திரும்பினேன், போக வர அந்தக் கிணுகிணுவோடு, அதனால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. இப்போது சொல்லும் விலைக்கு லீவர் வேலை லாபமே இல்லை, அதுவும் வருஷத்தில் பாதி நாள் குடும்பத்தோடு ரோட்டில் ஓடும் வண்டிக்கு. வாங்கியதும் மாட்டுவதற்கு முன் மூடி ஓரம் சிலிக்கான் தடவுங்கள், பிளக்குக்குள் கிரீஸ் வையுங்கள், மூச்சு விடும் குழாய் இருந்தால் மேலே தூக்கிக் கட்டுங்கள். என்னுடையதைக் கழற்றுவீர்களா என்று கேட்காதீர்கள், அது நடக்காது. கழற்றின உங்கள் பழைய மோட்டாரை எடைக்குப் போட்டுவிடாமல் எனக்குக் கொடுங்கள். அதன் அடித்தட்டு கிடைத்தால் லீவர் பிராக்கெட்டை நேராக கேஸிலேயே இறுக்கிப் பார்க்கலாம், சத்தம் குறையும் என்று லேத்காரர் சொல்கிறார்.